இரண்டு மில்லிமீட்டர்

அருளு, அம்மா எழுதுகிறேன். உனக்குக் கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன், எழுதியதே இல்லை. உன் ஹாஸ்டல் ஒன்றும் சீமையில் இல்லை. ஆவடியில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் உன் வாசலில் வந்து நிற்கலாம், முக்குக் கடையில் ஒரு ரூபாய் போட்டால் போனில் பேசலாம். ஆனால் இதை என்னால் போனில் சொல்ல முடியாது. கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார் என்பதற்காக இல்லை. பேச ஆரம்பித்தால் பாதி வழியில் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். இன்று புதன்கிழமை, மத்தியானம், கரண்ட் இல்லை. அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போயிருக்கிறார். ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டு, நன்றாகத் தெரிகிற இடது கண்ணைத் தாளுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள். இதை எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று உலையைக்கூட இன்னும் ஏற்றவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோமே, அப்போது உன் பையிலிருந்து ஒரு அட்டைக் கண்ணாடியை எடுத்தாய். இரண்டு லென்ஸ் பதித்து, மூக்கின்மேல் வைத்துப் பார்க்கிற சாமான். கூடவே ஒரு ஜெராக்ஸ் தாள், அதில் பக்கம் பக்கமாக ஒரே மாதிரி இரண்டு படம், புள்ளியும் கோடுமாக. உன் படிப்பைப் பற்றி நீ பேசினால் அப்பா சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான்தான் கேட்பேன். அன்றைக்கும் கேட்டேன். புரதம் என்பது ஒரு நீளச் சங்கிலி, அது தானாகச் சுருண்டு மடிந்து ஓர் உருவத்துக்கு வரும், அந்த உருவத்தில் ஒரு குழி இருக்கும், மருந்து போய் அந்தக் குழிக்குள் சரியாக உட்கார்ந்தால்தான் வேலை செய்யும், இரண்டும் எவ்வளவு நெருங்குகிறது, எந்த இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் உங்கள் பாடம் என்று சொன்னாய். ஸ்ட்ரக்சுரல் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று பெயரையும் சொன்னாய். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, விஷயம் நுழைந்துவிட்டது. ஓட்டைக்கும் அதில் போகிற தண்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பதினெட்டு வருடம் படம் வரைந்தவள்தானே நான். “ஃபிட்டு மாதிரி” என்றேன். “அதேதாம்மா” என்று நீ சந்தோஷப்பட்டாய்.

பிறகு அந்தத் தாளை என் பக்கம் தள்ளினாய். வீட்டுக்கு வந்தால் உனக்கு அப்பாவின் பேச்சு வந்துவிடும். “மேடம் முதல் கிளாசுலயே இத்தக் குடுத்து, மருந்து குழிக்கு உள்ள கீதா வெளிய கீதா சொல்லுன்னாங்க. கண்ணாடி வெச்சுப் பாத்தா எல்லாருக்கும் வெளியதான் தெரிஞ்சுது. அப்பறம் எங்க கையில நம்பரைக் குடுத்து கணக்குப் போடச் சொன்னாங்க. கணக்குல உள்ள கீது. படந்தாம்மா தப்பு. மேடமோட பழைய தீசிஸ் படம் அது. எந்த மடப்பய வரைஞ்சானோ, அவனால அவங்களுக்கு ஒரு வருசம் போச்சாம்.” அப்பா சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் கண்ணாடியை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். வலது கண்ணில் புரை விழுந்து ஒரு வருடமாகிறது, டாக்டர் இன்னும் முற்றட்டும் என்கிறார், அந்தக் கண்ணுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும். அதனால் எனக்கு உள்ளேயும் தெரியவில்லை வெளியேயும் தெரியவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் எழுதியிருந்த எண்கள் இடது கண்ணுக்குத் தெரிந்தன. ஏழு என்று எழுதினால் அதன் நடுவில் ஒரு சின்னக் கோடு போடுகிற பழக்கம் எனக்கு உண்டு, ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் தாளில் இருந்த ஏழுகளுக்கெல்லாம் நடுவில் கோடு இருந்தது. உனக்கு மோர் ஊற்றிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். மடப்பயல் என்று நீ சொன்னது என்னைத்தான்.

உனக்கு நினைவிருக்கும், நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரேசராக இருந்தேன். டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் வரைந்து கொடுப்பதை, மேலே கண்ணாடி போலத் தெரிகிற தாளை ஒட்டி, மையால் திரும்ப வரைகிற வேலை. யோசிக்கிற வேலை இல்லை, இருப்பதை எடுக்கிற வேலை. அப்படித்தான் வெளியே சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், இருப்பதை அப்படியே எடுத்தால் ஒர்க்‌ஷாப்பில் பாதி சாமான் பொருந்தாது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் வட்டத்துக்கு நடுக்கோடு தள்ளிப் போட்டிருப்பார்கள், இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்க வேண்டியது ஒரு நூல் சாய்ந்திருக்கும். நல்ல டிரேசர் அதைப் பேசாமல் சரிசெய்துவிடுவாள். போய்ச் சொல்ல மாட்டாள், சொன்னால் எங்கள் சீஃப் டிராஃப்ட்ஸ்மேனுக்கு முன்னால் அந்தப் பையன் தலைகுனிய வேண்டும். நான் சரிசெய்வேன், மறுநாள் என் மேஜையில் ஒரு முறுக்குப் பொட்டலம் இருக்கும், அவ்வளவுதான். பத்து வருடத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்க ஒருவர் இருப்பார், என் படம் நேராகப் பிரிண்டுக்குப் போகும். அந்தப் பெயரின்மேல் எனக்கு இருந்த ஆசையை உன் அப்பாவிடம்கூட நான் காட்டிக்கொண்டதில்லை.

நீ நாலாவது படிக்கும்போது, எங்கள் ஸ்டோர் கீப்பர் தன் அக்கா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். திருவேற்காட்டுப் பெண், மெலிந்த உடம்பு, தோளில் ஜோல்னாப் பை. யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி முடிக்கப் போகிறது, தீசிஸில் வைக்க ஒரு படம் மையில் வரைய வேண்டும், அவர்கள் ஆர்ட்டிஸ்ட் நீண்ட லீவில் இருக்கிறார் என்றார். பெயர் சுகந்தி. அது பையிலிருந்து சுருட்டிய தாளைப் பிரித்து மேஜையில் வைத்தது. எத்தனை நூறு புள்ளி. கம்ப்யூட்டரில் வந்த எண்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு புள்ளியாகத் தானே பென்சிலில் வைத்ததாகச் சொன்னது. அதே படம் இரண்டு தடவை, பக்கத்தில் பக்கத்தில். “ரெண்டும் அப்படியே வேணும்க்கா, ஒண்ணு விடாம” என்றது. ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. எங்கள் ஆபீசில் ஏன் என்று டிரேசர் கேட்பதில்லை. நான் கேட்டிருக்க வேண்டும் அருளு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலம் ஆபீஸ் விட்ட பிறகும் உட்கார்ந்து மூன்று வாரம் வரைந்தேன். ஆபீஸ் மேஜை, ஆபீஸ் மை, ஆபீஸ் தாள். சீஃபுக்குத் தெரியாது. இடது பக்கத்துப் படம் முடிந்ததும், வலது பக்கத்தைத் தொடங்கும் முன் என் வழக்கப்படி முடிந்ததை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. சுற்றியிருந்த பெரிய கூட்டத்தில் அங்கங்கே கொஞ்சம் கொஞ்சம் விலகல். அவ்வளவு புள்ளியில் கை அப்படி இப்படித்தான் போகும் என்று அதை அப்படியே விட்டேன். ஆனால் நடுவில், தடித்த கோட்டில், பதினோரு புள்ளியில் ஒரு சின்ன உருவம் இருந்தது. அது மட்டும் முழுசாக ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இரண்டு மில்லிமீட்டர். பாவம், கண் எரிய எரிய வரைந்திருக்கும், கடைசியில் ஸ்கேல் வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பையன்களுக்குச் செய்வதைத்தான் அதற்கும் செய்தேன். இடது படத்தில் எங்கே இருந்ததோ அதே இடத்தில் வலது படத்திலும் வைத்தேன். சொல்லிக் காட்டக் கூடாது என்று அதனிடம் சொல்லவும் இல்லை. அது வந்து படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. “அச்சடிச்ச மாதிரி இருக்குக்கா” என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அந்த இரண்டு மில்லிமீட்டர் என்னவென்று நீ சொல்லித்தான் போன ஞாயிறு எனக்குத் தெரிந்தது. இடது கண் பார்ப்பது ஒன்று, வலது கண் பார்ப்பது ஒன்று, அந்த விலகலை வைத்துத்தான் மூளை எது கிட்டே எது தள்ளி என்று கண்டுபிடிக்கிறது என்று சோற்றுக்கும் அப்பளத்துக்கும் நடுவில் விளக்கினாய். சுகந்தி வைத்திருந்த விலகல் பிசகு இல்லை, மருந்து குழிக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே அதுதான். நான் அழகுபடுத்தி அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன். இதுவரைக்கும் நான் சொன்னது அறியாமல் செய்தது. இதற்கு மட்டும் என்றால் நான் இப்படி உட்கார்ந்து எழுத மாட்டேன், உன்னோடு சேர்ந்து சிரித்துவிட்டு ‘அந்த மடப்பய நான்தாண்டா’ என்று சொல்லியிருப்பேன்.

ஐந்தாறு மாதம் கழித்து மழைக்காலத்தில் ஒருநாள் சுகந்தி மறுபடி வந்தது. எஸ்டேட் ரோடெல்லாம் முழங்கால் தண்ணீர், புடவையின் கரை நனைந்து பாதத்தில் ஒட்டியிருந்தது. தீசிஸைப் பார்த்த பரீட்சகர் எழுதியிருக்கிறாராம்: நீ எழுத்தில் மருந்து உள்ளே இருக்கிறது என்கிறாய், உன் படத்தில் வெளியே இருக்கிறது, எது சரி, திரும்பப் பார்த்துவிட்டு வா. அது என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டது. “அக்கா, தப்பா நினைக்காதீங்க. வரையும்போது எதையாவது நகர்த்தினீங்களா?” நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். “இருக்கறதத்தாம்மா வரைஞ்சேன்.” “அந்த ஒரிஜினல் இருக்குமாக்கா? அது இருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.” எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. மையில் படம் முடிந்ததும் பென்சில் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். இரண்டும் இருந்தால் யாராவது பழையதை எடுத்துப்போய் அதைப் பார்த்துச் சாமான் செய்துவிடுவார்கள். “கிழிச்சிட்டேம்மா. எங்க வழக்கம் அது” என்றேன்.

கிழிக்கவில்லை அருளு. அவ்வளவு பாடுபட்டு வைத்த புள்ளிகளைக் கிழிக்க மனசு வராமல், மடித்து என் டிராயரில் அடியில் வைத்திருந்தேன். அது கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தாள் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுகந்தி குடையைக் கையில் எடுத்தது. பிறகு என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோல, “அப்ப நான் போட்ட கணக்குதான் எங்கயோ தப்பு” என்றது. குடையை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனது. கூப்பிட்டிருக்கலாம். கேட் வரைக்கும் எனக்கு அவகாசம் இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அப்பாவின் கம்பெனியில் அப்போது லாக்‌அவுட், என் சம்பளம் ஒன்றுதான், ஆபீஸ் தாளில் வெளி வேலை செய்தது தெரிந்தால் சீஃப் அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். வெகு நாள் எனக்கு நானே இந்தக் காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. அந்தப் பெண் சீஃபிடம் போகிற ரகம் இல்லை, எனக்கு அது தெரியும். என் படத்தைச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆமாம் நான் நகர்த்தினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொன்றும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் பாதியைச் சொன்னேன், நகர்த்தியதை மட்டும். “இன்னாத்துக்கு இப்ப மூஞ்ச தூக்கி வெச்சுகினு கீறே? ரெண்டு மில்லிமீட்டருக்குக் குடியா முயுகிப் பூடும்? உட்டுத் தள்ளு” என்றார். எனக்கும் யாராவது அப்படிச் சொன்னால் போதும் என்றிருந்தது. விட்டுத் தள்ளினேன்.

இப்போது நீ மறந்துபோன ஒன்றைச் சொல்ல வேண்டும், மறந்திருக்க மாட்டாய் என்றும் தோன்றுகிறது. அதே வாரம் உன் மார்க் அட்டை வந்தது. அறிவியலில் முப்பத்தாறு. நீ என் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து, மூன்றைச் சுரண்டி எட்டாக்கி அப்பாவிடம் நீட்டிக் கையெழுத்தும் வாங்கிவிட்டாய். மையைச் சுரண்டி மேலே எழுதுவது என் பிழைப்பு, என்னிடமா நடக்கும்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், தெரிந்துவிட்டது. மர ஸ்கேலால் உன் காலில் அடித்தேன். எத்தனை என்று நான் எண்ணவில்லை, நீ எண்ணியிருப்பாய். மறுநாள் ஸ்கூல் கேட் வரைக்கும் கூட்டிப்போய், “நீயே போய் டீச்சர்கிட்ட சொல்லு, நான் வர மாட்டேன்” என்று விட்டுவிட்டேன். நீ அழுதுகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாய். போனாய், சொன்னாய், வந்தாய். ஒன்பது வயதில் உன்னால் முடிந்தது. நான் அங்கிருந்து நேராக பஸ் பிடித்து ஆபீசுக்குப் போய், அந்த டிராயருக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தேன். உன்னை அடித்த அடியில் பாதி எனக்கு விழ வேண்டியது என்று அப்போதே தெரியும். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், பன்னிரண்டு வருடம் தாமதமாக.

சுகந்தி எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போடுகிறது என்று ஸ்டோர் கீப்பர் அவ்வப்போது சொல்வார். அங்கே ஒரே கம்ப்யூட்டராம், முறை வருவதற்குக் காத்திருக்க வேண்டுமாம். வெளிநாட்டில் ஓர் இடம் வந்திருந்ததாம், தீசிஸ் முடியாததால் அது வேறு ஒருவருக்குப் போய்விட்டதாம். “படிப்பு படிப்புன்னு பொண்ணு துரும்பா பூட்ச்சும்மா” என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருப்பேன். வருடா வருடம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன். கோபப்பட்டது, நாத்தனாரைப் பேசியது, பூசைக்குத் தாமதமாக வந்தது என்று எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதை ஒருதரமும் சொன்னதில்லை. பிறகு ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து படமெல்லாம் அதிலேயே போட ஆரம்பித்ததும், டிரேசர்களைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். மற்றவர்கள் அழுதார்கள், எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். டிராயரைக் காலி பண்ணும்போது அந்தத் தாளை மட்டும் புடவை மடிப்பில் வைத்து எடுத்து வந்தேன்.

போன வருடம் நீ யூனிவர்சிட்டியில் சேர்ந்து, சுகந்தி மேடம், சுகந்தி மேடம் என்று ஆரம்பித்தாய். எந்த ஊர் என்று கேட்டேன். திருவேற்காட்டுப் பக்கம் என்றாய். உங்கள் துறையில் பெற்றோரைக் கூப்பிட்டு விழா வைத்தார்களே, கண் வலி என்று நான் வரவில்லை, அப்பா மட்டும் வந்து வடை நன்றாக இருந்தது என்று சொன்னார். கண் வலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன இன்னொன்றும் இருக்கிறது, சிரித்த கையோடு சொன்னாய். படம்தான் தப்பு என்று கண்டுபிடித்த பிறகு, வரைந்தவர்களிடம் போய்ச் சண்டை போட்டீர்களா என்று ஒரு பையன் கேட்டானாம். “அவங்க எனக்கு உதவி பண்ணாங்க. சரிபாக்க வேண்டியது என் வேலை, நான் பாக்கல” என்றார்களாம். அந்தப் பென்சில் தாள் பத்திரமாக இருந்தது என்பது இன்றைக்கும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, வருடா வருடம் புதிய பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு என்னால் இந்த வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இதையும் சகித்துக்கொண்டு இன்னும் பன்னிரண்டு வருடம் ஓட்டியிருப்பேனோ என்னவோ. நீ கை கழுவிவிட்டு வந்து சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய உன் புராஜெக்ட்டில் மருந்துக்கும் புரதத்துக்கும் நடுவே இருக்கிற தூரங்களையெல்லாம் அட்டவணையாகப் போட்டிருக்கிறாய். எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது, ஒரே ஓர் எண் மட்டும் வரக் கூடாத அளவுக்குக் குறைவாக வந்திருக்கிறது, இரண்டு அணுவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல். “அந்த ஒண்ண மட்டும் தூக்கிட்டா டேபிள் சோக்கா இருக்கும்மா. நாப்பது நம்பர்ல எவன் எண்ணிப் பாக்கப் போறான்? மேடம் கையெழுத்துப் போட்டா ஃபாரின் அப்ளிகேஷன் அனுப்பிடலாம்” என்றாய். நான் வாசலில் நின்று உன் பையில் ஊறுகாய் பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்துவிட்டது என்று அனுப்பிவிட்டேன், என் வழக்கப்படி.

தூக்காதே அருளு. எனக்கு உன் பாடம் தெரியாது, அந்த எண் ஏன் அப்படி வந்தது என்றும் தெரியாது. உன் கணக்கில் தப்பிருக்கலாம், உனக்குக் கொடுத்த எண்களில் இருக்கலாம், இல்லை அந்த இடத்தில் நீங்கள் யாரும் நினைக்காத ஏதாவது நடந்திருக்கலாம். நான் நகர்த்தியதும் பார்ப்பதற்குப் பிசகு மாதிரிதான் இருந்தது. அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், பக்கத்தில் ‘இது எனக்குப் பொருந்தவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கொடு. மேடம் திட்டினால் வாங்கிக்கொள். அப்ளிகேஷன் ஒரு மாதம் தள்ளிப் போனால் போகட்டும். நீ வெளிநாடு போக வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, இங்கே விட்டுவிட்டுப் போன ஒரு எண்ணை நீ நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதில் உடம்பு ஒன்றும் கெட்டுப்போகாது, சாப்பாடு இறங்கும், தூக்கமும் வரும், ஆனால் யாராவது உன்னைப் பாராட்டினால் மட்டும் வேறு பக்கம் பார்ப்பாய்.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பலாம், நீ கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பீரோவிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தும்விட்டேன். பிறகு ஸ்கூல் கேட்டில் நீ திரும்பித் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. உன்னைத் தனியாக அனுப்பியவள், எனக்கு மட்டும் ஆள் அனுப்பினால் எப்படி? நானே வருகிறேன். திங்கட்கிழமை காலை ஆவடியில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்துப் பத்து மணிக்கெல்லாம் உங்கள் துறை வாசலுக்கு வந்துவிடுவேன். படி ஏறும்போது மட்டும் கையைக் கொடு, ஒற்றைக் கண்ணுக்குப் படியின் ஆழம் தெரிவதில்லை. ரூமுக்குள் நீ வர வேண்டாம். அவர்கள் என்ன சொன்னாலும் சரி, போ என்றாலும் சரி, அது எனக்கும் அவர்களுக்கும். உன் புராஜெக்ட்டை அதற்கு முன்னாலேயே கொடுத்துவிடு, அம்மாவை வைத்து ஏதோ செய்தான் என்று யாரும் நினைக்கக் கூடாது.

வரும்போது அந்த அட்டைக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வா. தாள் மடிப்பில் பழுத்திருக்கிறது, பென்சில் இன்னும் அழியவில்லை. அவர்கள் பார்த்து முடித்ததும் உன்னிடம் தரச் சொல்லிக் கேட்கிறேன். நான் மூன்று வாரம் அதன்மேல் குனிந்து ஒவ்வொரு புள்ளியாக எடுத்தேன், ஆனால் அது என்னவென்று ஒருநாளும் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் முடியாது. நீ இரண்டு கண்ணாலும் நன்றாகப் பார்த்து எனக்குச் சொல்லு, அது உள்ளேதான் இருந்ததா என்று.